மந்திரிக்காத உப்பு

என் அக்கா ஸதேனிக்கின் மகன் ருபேனுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. அவனை ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போதே அவள் வேண்டிக்கொண்டாள், பிள்ளை பிழைத்தால் ஒரு கிடாக்குட்டியை மதாக் என்னும் நேர்ச்சைப் பலியாகக் கொடுப்பதாக. பிள்ளை பிழைத்தான். அறுப்பதற்கு முன் குட்டிக்கு ஊட்டும் உப்பைப் பாதிரியாரிடம் மந்திரித்து வாங்கி வருவது என் வேலை.

"இதையாவது உருப்படியா செய்டா" என்றாள் அக்கா. நான் யெரெவானில் அகராதிக்காரன். சொற்களின் வேரைத் தோண்டுவதுதான் பிழைப்பு. ஒரு கோழியைக்கூடப் பிடிக்கத் தெரியாதவன் என்பது எங்கள் ஊர் அஷ்தராக் முழுக்கப் பிரசித்தம்.

ஷாஹே பாதிரியார் கோயில் வாசலிலேயே நின்றிருந்தார். உப்புப் பொட்டலத்தை நீட்டியிருந்தால் அப்போதே முடிந்திருக்கும். அவர் சும்மா இருக்காமல், "உப்பைக் கொடுங்கிறதுதான் மதாக். அந்தச் சொல்லே அப்படித்தான் பொறந்துச்சு, தெரியும்ல பார்கெவ்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"சாமி, அது பின்னாடி வந்தவங்க கட்டிவிட்ட கதை. பழைய எழுத்துல மதாக்குன்னா இளசு, பிஞ்சு. கன்னுக்குட்டி, ஆட்டுக்குட்டி, பச்சைப்பிள்ளை எல்லாத்துக்கும் அதான் சொல். அறுக்குறது இளங்குட்டிங்கிறதால பலிக்கும் அந்தப் பேரே ஒட்டிக்கிச்சு."

"அப்போ உப்பு?"

"உப்புக்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தமே இல்ல."

"எங்க முப்பாட்டன் எல்லாம் முட்டாளுங்க. நீ ஒருத்தன்தான் அறிவாளி!"

நான் விடவில்லை. அவரும் விடவில்லை. அதற்குள் ஒரு கல்யாணக் கூட்டம் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து இறங்கியது. அவர் என்னை முறைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஜெயித்துவிட்ட தெம்பில் தெருமுனைவரை வந்த பிறகுதான் கோட்டுப் பையில் பொட்டலம் உறுத்தியது. மறந்துபோனேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. நின்று யோசித்தேன். திரும்பிப் போனால் அந்த மனிதர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். உப்பு உப்புதானே என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குட்டிக்கு ஊட்டினாள். அறுத்த கறியை மசாலா இல்லாமல் வெறும் தண்ணீரும் உப்புமாக வேகவைத்து, வழக்கப்படி ஏழு வீட்டுக்குப் பங்கு கொடுத்தோம். சாப்பாட்டு மேஜையில் பாதிரியாரை மடக்கிய கதையை நானே நடித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

அந்த வாரமே ருபேனுக்கு மறுபடி காய்ச்சல். வயிற்றுக்குள் சீழ் என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்கா வராந்தாவில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாம் என்னாலதான்டா. மதாக் கறி ராத்தங்கக் கூடாதுன்னு தெரியும். புள்ளை வீட்டுக்கு வந்தா ஒரு வாய் திங்கட்டும்னு ஒரு துண்டை ஃபிரிட்ஜுல ஒளிச்சு வெச்சேன். என் புள்ளைய நானே..."

வாயைத் திறந்தேன். "தண்ணி வேணுமா அக்கா?" என்று கேட்டேன். சீ! என்னைப் போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை. மறுநாளும் அவள் அதையே சொன்னாள். அதற்கு மறுநாளும் சொன்னாள். தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவன் நான். சீழ் கிருமியால் வருவது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த அடி ஒவ்வொன்றும் எனக்குரியது என்பதும் தெரிந்தது.

கடைசியில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "அக்கா, அந்த உப்பை நான் மந்திரிச்சு வாங்கல."

"பாதிரியார்கிட்ட போனேன்னியே?"

"போனேன். அந்தச் சொல்லைப் பத்திச் சண்டை போட்டுட்டு அப்படியே எடுத்துட்டு வந்துட்டேன்."

அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம். அவள் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள். "அப்போ நான் இல்ல! அந்தத் துண்டால இல்ல! உனக்கு நான் மதாக் ஆகுறேன்டா தம்பி, இதை ஏன்டா அன்னைக்கே சொல்லல?" என்று விம்மினாள். மதாக் ஆகிறேன் என்பது எங்கள் ஊரில் உயிரையே தருவேன் என்கிற செல்லச் சொல். அதைவிட அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "முதல்ல இருந்து செய்யணும். குட்டி நீ வாங்கு. உப்பும் நீயே ஊட்டு."

குட்டி வாங்கினேன். பாதிரியார் முன்னால் கைகட்டி நின்றேன். அவர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை, மந்திரித்துக் கொடுத்தார். இதற்குள் டாக்டர்கள் சீழை எடுத்து மருந்தை மாற்றியிருந்தார்கள். அன்று காலையே ருபேனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

கோயில் பின்புறம் கத்திக்காரர் காத்திருந்தார். "அக்கா, அவனுக்குத்தான் சரியாயிடுச்சே. இதை விட்டுடலாமே" என்று கெஞ்சினேன்.

"முதல்ல குடுத்த வாக்கே இன்னும் நிக்குதுடா. பிடி."

உப்பு வைத்த உள்ளங்கையை விரித்தேன். குட்டி எந்தச் சந்தேகமும் இல்லாமல் வந்து நக்கியது. நாக்கு இளஞ்சூடாக இருந்தது. இளசு, பிஞ்சு என்று எத்தனை சபையில் பேசியிருக்கிறேன், அதை ஒருநாளும் தொட்டதில்லை. கடைசிக் கல்லையும் நக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று என் முகத்தைப் பார்த்தது. முதல் குட்டியும் அக்கா கையில் இப்படித்தான் நக்கியது. வாக்கும் நிறைவேறாமல் அது எதற்காகச் செத்தது என்று அக்கா கேட்கவே இல்லை. கேட்டிருந்தால், நான் வாயாடியதற்காக என்றுதான் சொல்லியிருப்பேன்.