மரியான் சந்தியோகுவின் மரண அறிவித்தல்

2003ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் கிருஷ்ணராசாவின் மரக்கறிக் கடைக்கு மேலே இயங்கிய தமிழ் வானொலிக்கு, இறந்து முந்நூறு வருடத்துக்கு மேலான ஒருவர் தன்னுடைய மரண அறிவித்தலைக் கொடுக்க நேரில் வந்தார். அன்று வெண்டிக்காய் கிலோ இரண்டு பவுண். முருங்கைக்காய் வரவில்லை. வந்தவரின் இடுப்பில் சாக்குத்துணி, தலைமயிரில் பாசி, மிதித்த படியெல்லாம் உப்புத் தண்ணீர். ட்ராமில் வந்தாரா நடந்து வந்தாரா என்று எவரும் விசாரிக்கவில்லை. லண்டனுக்கு வந்து சேர்ந்த வழியை ஒருவரிடம் கேட்பது மரியாதை இல்லை என்பது அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அறிவித்தல் வாசிப்பவர் அருள்நாயகி. மன்னார் பேசாலைக்காரி, ஐம்பத்திரண்டு வயது. பகலில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, வெள்ளி மாலையில் வானொலி. அருள்நாயகி வாசித்தால்தான் ஆள் செத்தது உறுதி என்று பாரிஸிலும் ரொறன்ரோவிலும் சொல்லிக்கொள்வார்கள். குரல் அப்படி. கோபமும் அப்படித்தான், மூக்கு நுனியில் நிற்கும். பிறந்த இடம், வதிவிடம், இறந்த திகதி, உறவுமுறை, இவை நான்கும் சரியாக இல்லாவிட்டால் அவர் வாசிக்கமாட்டார், நீங்கள் தலைகீழாக நின்றாலும் வாசிக்கமாட்டார். திகதி இல்லாவிட்டால் எதிலிருந்து எண்ணி முப்பத்தோராம் நாள் பூசை வைப்பது என்பது அவருடைய கேள்வி. அதற்கு எதிர்க்கேள்வி கேட்டவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள்.

வந்தவர் தன் பெயர் மரியான் சந்தியோகு என்றார். பிறந்தது பேசாலை. அருள்நாயகி நிமிர்ந்து பார்த்தார். வதிவிடம் சார்ல்ஸ் டவுன், அதாவது அமெரிக்காவில் கரோலைனாக் கரையில், இப்போது சார்ல்ஸ்டன் என்று சொல்லப்படும் துறைமுகப் பட்டினம். இறந்த திகதி தெரியாது. மாதமும் தெரியாது. ஊருக்கு மதில் கட்ட முன்னம் என்பது மட்டும் தெரியும். அருள்நாயகி பேனையை மூடி வைத்துவிட்டு, திகதியோடு வாருங்கள் என்று சொன்னார். வந்தவர் போகவில்லை. மூலையில் கிடந்த கதிரையில் இருந்துகொண்டார்.

இந்தச் சொல்லை அருள்நாயகி அதற்கு முன்பும் ஒருமுறை சொல்லியிருக்கிறார், அதுவும் சொந்தத் தம்பியின் மனைவிக்கு. தம்பி லெஸ்லி 1990 ஆவணியில் மீன் விற்கப் போன வழியில் ஒரு இராணுவக் காவலரணில் சைக்கிளில் இருந்து இறக்கப்பட்டவர். சைக்கிள் திரும்பி வந்தது. லெஸ்லி வரவில்லை. அவருடைய மனைவி மரினா பிறகு லண்டனுக்கு வந்து, தோர்ண்டன் ஹீத்தில் ஒரு அறையில் இருந்துகொண்டு, முதியோர் இல்லத்தில் ஷிப்ட் செய்தாள். கறுப்பும் உடுக்கவில்லை, நிறமும் உடுக்கவில்லை. சாம்பல், மண்ணிறம், சாம்பல். கார்த்திகைப் பூசையில் பாதிரியார் இறந்தவர்களின் பெயரை வாசிக்கும் நேரம் பார்த்து மரினா எழுந்து வெளியே போய் மழையில் நிற்பாள். பெயர் இருக்கும் என்றும் பயம், இருக்காது என்றும் பயம். 1998இல் அவள் அருள்நாயகியிடம் வந்து, மச்சாள், ஒருக்கால் வாசித்துவிடுங்கோ, எனக்கு இனி ஏலாது என்று கேட்டாள். உடலில்லை, திகதியில்லை, என்ர தம்பியை நான் சாகக் குடுக்கமாட்டன் என்று அருள்நாயகி கத்தினார். அதற்குப் பிறகு மரினா கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வெள்ளியும் வானொலியில் அறிவித்தல்களைக் கடைசிவரை கேட்டாள்.

சந்தியோகு இரண்டு வருடம் அந்தக் கதிரையில் இருந்தார். அவருடைய உடுப்பு காயவேயில்லை. வடிந்த தண்ணீர் கடலின் கணக்குப்படி நடந்தது. நாளுக்கு இருமுறை பெருகிக் கணுக்கால் வரை வந்து, இருமுறை வற்றியது. பெருக்கு நேரத்தில் அருள்நாயகி சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாசித்தார். கவுன்சிலில் இருந்து வந்த ஒருவர் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, இது குழாய் உடைப்பு அல்ல என்று சொல்லிவிட்டுப் போனார். அது உண்மைதான். கீழே கிருஷ்ணராசாவின் அரிசி மூட்டைகள் நனைந்தன, கருவாடு மட்டும் முன்னையைவிட நன்றாக இருந்தது. வானொலியின் முதலாளி சண்முகராசா, ஜெர்மனியில் பதினொரு வருடம் இருந்துவிட்டு வந்தவர், கெட்ட மனிதர் அல்ல. செத்தவருக்கு ஒரு துவாய் வாங்கிக் கொடுத்தார். அது துடைக்கத் துடைக்க ஈரமாகவே இருந்தது.

சார்ல்ஸ் டவுனின் ஆதிச் சரித்திரத்தை மிச்சத்துச் சனம் அறிந்தது சந்தியோகுவின் வாயால்தான். சந்தியோகு மன்னார்க் கடலின் சலாபத்தில் முத்துக் குளித்த பெடியன். ஒல்லாந்தர் பிடித்து நாகப்பட்டினத்தில் விற்றார்கள். ஓர் ஆங்கிலக் கப்பல்காரன் வாங்கி லண்டனுக்குக் கொண்டுவந்தான். லண்டனில் இரண்டு வருடம் ஒரு வியாபாரியின் வீட்டில் கோப்பை கழுவிய பிறகு, மறுபடி கப்பல். போய் இறங்கிய கரையை லண்டனில் எட்டுப் பிரபுக்களுக்கு அரசன் எழுதிக் கொடுத்திருந்தான். அந்தக் கரையில் ஏற்கனவே சனம் இருந்தது. அவர்களையும் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எந்தப் பிரபுவுக்கும் தோன்றவில்லை, ஒரு பிரபுவும் அந்தச் சேற்றில் கால் வைக்கவும் இல்லை. 1670இல் ஆற்றுக்கு மேற்கே சதுப்புக்குள் ஊரைப் போட்டார்கள். நுளம்பும் காய்ச்சலும் தின்ற பத்து வருடத்துக்குப் பிறகு இடம் பிழை என்று கண்டு, இரண்டு ஆறுகள் சேரும் முனைக்கு ஊரைத் தூக்கினார்கள். தூக்கினார்கள் என்று எழுதியவனுக்குத் தோள் நோகவில்லை. தூக்கியது பார்படோஸ் வழியாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களும் சந்தியோகுவும். அந்த முனையில் சிப்பிக் கோதுகள் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடந்தன, தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்து சிப்பி தின்ற சனங்கள் போட்ட கோது. ஆளில்லாத பூமி என்று தாளில் எழுதிவிட்டு, அந்த ஆட்கள் தின்று போட்ட கோதையே சுட்டுச் சுண்ணாம்பாக்கி வீடு கட்டினார்கள். வயிறெரியாமல் இதைக் கேட்க யாரால் முடியும்? அருள்நாயகியால் முடியவில்லை. ஆனாலும் திகதி இல்லை என்றார்.

தான் செத்த விதத்தையும் சந்தியோகு மறைக்கவில்லை. குட்டைப் பனை மாதிரி ஒரு மரத்தின் குற்றிகளை நட்டு இறங்குதுறை கட்டினார்கள். மூச்சடக்கத் தெரிந்தவர் என்பதால், குற்றியை அடியில் நேராகப் பிடிக்க அவரை இறக்கினார்கள். மேலே கயிறு அறுந்து, குற்றி அவர் நெஞ்சில் விழுந்தது. அடியில் ஆள் நிற்கிறது என்று கயிறு பிடித்த ஆபிரிக்கர்கள் கத்தினார்கள். மேற்பார்வைக்காரன் ஆற்றைப் பார்த்தான், பெருக்கு வருகிறது, வேலையை முடியுங்கள் என்றான். முடித்தார்கள். பிறகு அந்தத் துறையில் எத்தனையோ கப்பல் வந்தது, அரிசி ஏறியது, அடிமைகள் இறங்கினார்கள், ஊர் பணக்கார ஊராகியது.

2005 ஆவணியில் சண்முகராசா அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குக் குடும்பத்தோடு போய் வந்தார். வந்தவர் எல்லோருக்கும் சொக்கிலேற் கொடுத்தார், சார்ல்ஸ்டன் போய்ப் பார்த்ததையும் சொன்னார். வெள்ளந்தியாகத்தான் சொன்னார். நல்ல வடிவான ஊர், குதிரை வண்டியில் ஏற்றிக் காட்டினாங்கள், ஒரு பிரபுவின் பெயரையே இரண்டாகப் பிளந்து இரண்டு ஆற்றுக்கும் வைத்திருக்கிறாங்கள், ஆளில்லாத சதுப்பில் அந்தப் பிரபுக்கள் கட்டின ஊராம், துறைமுகத்தில் இருந்து நண்டு சாப்பிட்டோம் என்றார். அது வற்று நேரம். ஆனாலும் தண்ணீர் எழுந்தது. கணுக்காலைத் தாண்டி முழங்கால் வரை வந்தது, சொக்கிலேற் பெட்டி மிதந்தது.

அருள்நாயகிக்கு வந்ததே கோபம். வாயை மூடுங்கோ என்று முதலாளியைப் பார்த்துச் சொன்னார். எந்தப் பிரபு மண் சுமந்தவன், எந்தப் பிரபு சுண்ணாம்பு சுட்டுக் கை வெந்தவன், இந்த மனிசன்ர நெஞ்சில ஏறி நிண்டுகொண்டோ நண்டு திண்டனீங்கள் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டார். சண்முகராசா ஈரக் காற்சட்டையோடு சுவரில் ஒட்டிக்கொண்டார். அப்போதுதான், இரண்டு வருடமாகக் குரலை உயர்த்தாத சந்தியோகு பேசினார்.

"அவரை ஏன் பேசுறாய், பிள்ளை? அவர் கேட்டதைச் சொன்னார். நீ நான் சொன்னதைக் கேட்டும் வாசிக்கேல்லையே."

"திகதி இல்லாமல் எப்பிடி அண்ணை வாசிக்கிறது?"

"செத்தது நான். திகதியை வைச்சிருக்கிறது சாக்காட்டினவன். அவன் தரமாட்டான். அவன் தருமட்டும் நான் சாகேல்லை எண்டு நீ சொன்னால், அவன்ர வேலையை நீயெல்லோ பார்க்கிறாய்."

அருள்நாயகி முழங்கால் தண்ணீரில் நின்றார். பதினைந்து வருடமாகக் கண்டவர் நின்றவர் எல்லோர்மேலும் கோபப்பட்டவர். கடைக்காரர், பாதிரியார், பஸ் சாரதி, கேட்டு வந்த மரினா, ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. அந்தக் கோபம் போகவேண்டிய இடத்துக்கு மட்டும் ஒருநாளும் போனதில்லை. சைக்கிளை மட்டும் திருப்பிக் கொடுத்தவன் திகதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு நிம்மதியாக நித்திரை கொள்கிறான், நான் அவனுக்குக் காவல் நிற்கிறேன் என்று அவருக்கு விளங்கியது. அன்று வெள்ளிக்கிழமைதான். அறிவித்தல் நேரமும் வந்திருந்தது.

அவர் வழக்கமாக இருந்துகொண்டு வாசிப்பவர். அன்று நின்றுகொண்டு வாசித்தார்.

"மரண அறிவித்தல். மன்னார் பேசாலையைப் பிறப்பிடமாகக் கொண்ட மரியான் சந்தியோகு அவர்கள் சார்ல்ஸ் டவுன் பட்டினத்தில் கொல்லப்பட்டார். அந்த ஊர் அவருடைய வதிவிடம் அல்ல. அவர் அங்கே வசிக்கவில்லை, வைத்திருக்கப்பட்டார். அன்னார் அந்த ஊரின் சுண்ணாம்பைச் சுட்டவரும், அதன் இறங்குதுறையை இன்றுவரை தாங்கி நிற்பவரும் ஆவார். இறந்த திகதி அவரைக் கொன்றவர்களிடம் இருக்கிறது. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள், அந்த ஊர்க்காரர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவேண்டும். தகவல்: அவரே."

தொலைபேசி உடனே அடித்தது. பேசாலைச் சனம் பாரிஸில் இருந்தும் ஒஸ்லோவில் இருந்தும் எடுத்து, தாங்கள் என்ன முறை வேண்டும், செத்தவீடு எங்கே என்று கேட்கத் தொடங்கினார்கள். ஆனால் முதல் அழைப்பு தோர்ண்டன் ஹீத்தில் இருந்து வந்தது. மரினாவின் குரல் நேயர்கள் எல்லோருக்கும் கேட்டது.

"மச்சாள், மற்றதையும் வாசியுங்கோ."

அருள்நாயகி ஓம் என்றார். தாளில்லை, எழுதவில்லை, மனதில் பதினைந்து வருடமாகக் கிடந்ததை அப்படியே வாசித்தார். பேசாலையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட லெஸ்லி அவர்கள், 1990 ஆவணியில் காவலரணில் இறக்கப்பட்டு, கொண்டுபோனவர்களால் கொல்லப்பட்டார். திகதி அவர்களிடம் இருக்கிறது. இன்றிலிருந்து நாள் எண்ணப்படும். தகவல்: மனைவி மரினா, அக்கா அருள்நாயகி. கடைசிப் பெயரில் குரல் உடைந்தது. நேயர்கள் அதற்கு முன் அப்படிக் கேட்டதில்லை.

தண்ணீர் வற்றியது. மரினா முதியோர் இல்லத்துச் சீருடையோடு பஸ் பிடித்து வந்து, படியில் இருந்து வாய்விட்டு அழுதாள். அருள்நாயகி மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பழக்கம் அவருக்கு இல்லை. மரினாவின் சப்பாத்தைக் கழற்றி, ஈரக் காலுறைகளைப் பிழிந்து ஹீற்றரில் காயப்போட்டார். முப்பத்தோராம் நாள் இருவருக்கும் சேர்த்துப் பூசை நடந்தது. சந்தியோகு சண்முகராசாவின் சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, முதன்முறையாக உலர்ந்த தலையோடு, கோயில் மண்டபத்தில் மீன்குழம்பும் சோறும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார், புளி காணாது என்றார், கை கழுவப் போனவர் திரும்பி வரவில்லை. கார்த்திகைப் பூசையில் பெயர்கள் வாசிக்கப்பட்டபோது மரினா கறுப்புச் சேலையோடு தன் இடத்தில் இருந்தாள், எழுந்து போகவில்லை. தைமாதம் சிவப்புச் சேலை உடுத்தாள். யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமைகளில் படிகள் மறுபடியும் ஈரமாகின. சார்ல்ஸ் டவுனில் கயிறு பிடித்த ஆபிரிக்கர்கள், சிப்பி தின்ற கரைக்காரர்கள், மன்னாரில் சைக்கிளில் இருந்து இறக்கப்பட்டவர்கள், எல்லோரும் ட்ராம் நிறுத்தம் வரை வரிசையில் நின்றார்கள். ஒருவரிடமும் திகதி இல்லை. அருள்நாயகி ஒவ்வொருவரிடமும் பிறந்த இடத்தைக் கேட்டு, வாய்க்கு வராத பெயர்களை நாலுதரம் சொல்லிப் பழகி வாசித்தார். சண்முகராசா முணுமுணுத்துக்கொண்டே நிகழ்ச்சியை இரண்டு மணித்தியாலம் ஆக்கினார். மரினா ஷிப்ட் இல்லாத வெள்ளிகளில் வந்து, வரிசையின் தலையில் இருந்து கடைசிவரை நடந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுப் போனாள். லெஸ்லி இல்லை. வாசிக்கப்பட்டவர்கள் வரிசையில் நிற்பதில்லை என்று அருள்நாயகி அவளுக்குச் சொன்னார். கிருஷ்ணராசா அரிசி மூட்டைகளுக்குக் கீழே பலகை அடித்து ஓரடி உயர்த்தி வைத்துக்கொண்டார். அந்த வருடம் வெண்டிக்காய் இரண்டு பவுண் இருபது.