நான்காவது நிபந்தனை

காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் மாலைக்குள் வீடு என்று சொல்லித்தான் அப்பாவைக் குடலிறக்க ஆபரேஷனுக்குச் சேர்த்தோம். அன்று மாலை ஐந்தரைக்கு எனக்கு ரயில். மறுநாள் காலை வெளியூரில் வேலையில் சேர வேண்டும். என் முதல் வேலை. வராவிட்டால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள்.

பத்தரைக்கெல்லாம் ஆபரேஷன் முடிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால், அப்பா தன் கால் கட்டைவிரலை எங்கேயோ பார்த்த ஆளைப் போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் கட்டிலில் ஒரு தாளை மாட்டினார். வலி அடங்கியிருக்க வேண்டும், சாப்பிட்டது தங்க வேண்டும், தானாக நடக்க வேண்டும், சிறுநீர் கழிக்க வேண்டும். நான்கும் ஆனால் வீடு.

ஒரு மணிக்குள் மூன்று முடிந்தன. அப்பா பேருந்து ஓட்டுநர். நடக்கச் சொன்னபோது வார்டின் மூலையில் திரும்பும்முன் கையைக்கூடக் காட்டினார். நான்காவதுதான் நகரவில்லை.

சொந்தக்காரர்கள் மாற்றி மாற்றி போன் செய்தார்கள். "இன்னும் இல்ல சித்தி. கல்லுளிமங்கன் மாதிரி படுத்திருக்காரு," என்று அம்மா, பிரசவ அறை வாசலில் நிற்பவள்போலப் பதில் சொன்னாள். கழிப்பறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தாள். அந்தச் சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் இரண்டு முறை எழுந்து போய் வந்தார்.

"அவரப் பாருங்க, என்ன சமத்து!" என்றாள் அம்மா.

"அப்ப அவரையே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ," என்றார் அப்பா.

மூன்றரைக்கு நர்ஸ் ஒரு சின்னக் கருவியை அவர் அடிவயிற்றில் வைத்துப் பார்த்தார். புருவம் ஏறியது.

"அரை லிட்டருக்கு மேல இருக்கு ஐயா. முட்டலையா?"

"ஒண்ணும் தெரியல சிஸ்டர்."

"இன்னும் அரை மணி நேரம் பார்ப்போம். இல்லேன்னா ட்யூப் போட்டு எடுத்துட்டு, ராத்திரி இங்கயே தங்கணும்."

அப்பாவின் முகத்தில் லாட்டரி விழுந்த களை வந்தது. அம்மா பதறினாள். "ஐயையோ, அப்ப இவ எப்படி ரயிலேறுவா? அப்பாவ ஆஸ்பத்திரில போட்டுட்டுக் கிளம்புற பொண்ணா இவ?"

அப்பா கூரையைப் பார்த்தார். போர்வைக்குள் அவர் முழங்கால்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருந்தன. எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அம்மாவை டீ வாங்க அனுப்பினேன்.

"அப்பா, அடக்கி வெச்சிருக்கீங்க."

"யாரு சொன்னா?"

"உங்க நெத்தி வேர்வை சொல்லுது. எவ்வளவு நேரமா?"

"ஒன்றரைலேர்ந்து," என்றார், கொஞ்சம் பெருமையாக. "நெரிசல்ல நாலு மணி நேரம் சீட்ட விட்டு அசையாதவன்மா நான்."

"வேலை போயிடும்ப்பா."

"வேற வேலை வராதா என்ன?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பிறகு அவர்தான் பேரத்தை ஆரம்பித்தார்.

"வாராவாரம் வீட்டுக்கு வந்துடணும்."

"ஒரு ராத்திரி முழுக்கப் பயணம்ப்பா. எப்படி முடியும்?"

பல்லைக் கடித்துக்கொண்டார். "சரி, மாசம் ஒரு தடவை."

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை."

"உன் மனசு கல்லு." கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தார். "அப்ப தினமும் போன்."

"பண்றேன்."

"அம்மா போனுக்கு இல்ல. என் போனுக்கு."

"சரிப்பா."

இன்னும் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

"மிச்சத்த அப்புறம் பேசிக்கலாம். கையக் குடு, கையக் குடு!"

கழிப்பறை வரை தாங்கிப் பிடித்துக் கொண்டுபோய் விட்டேன். அவர் கதவைச் சாத்திய மறு நொடி உள்ளே சத்தம் கேட்டது. டீயோடு வந்த அம்மா, "ஆயிடுச்சு!" என்று வார்டுக்கே அறிவித்தாள். பக்கத்துக் கட்டில்காரர் கைதட்டினார். நர்ஸ் வீட்டுக்கு அனுப்பும் காகிதங்களை எடுக்கப் போனார். மணி நாலு, ரயிலுக்கு நேரம் தாராளமாக இருந்தது.

உள்ளே சத்தம் ஓயவே இல்லை. கதவில் கையை வைத்தபடி, அது இன்னும் கொஞ்ச நேரம் ஓயாமலே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.