அப்பப்போ

ஆட்டம் தொடங்கச் சற்று நேரம் இருக்கும்போது, மைதானத்தின் ஓரமாக மெதுவோட்டம் ஓடிக்கொண்டிருந்த எங்கள் கேப்டன் திடீரென்று இடது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இந்தக் கால்பந்து கிளப்பில் அடிபட்டவர்களைப் பார்த்துக்கொள்கிற பிசியோ நான். டாக்டருக்குப் படித்தவள் இல்லை என்று வந்த புதிதில் தலைபாடாக அடித்துக்கொண்டேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் நான் டாக்டரம்மாதான். புல்லில் மண்டிபோட்டு அவர் காலை எடுத்து மடியில் வைத்து அழுத்திப் பார்த்தேன். தசை கிழிந்திருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். பிடித்துக்கொண்டிருந்தால் கட்டை மாதிரி இறுகிக் கிடக்கும். இது இரண்டும் இல்லை. சூடாக, இளகி, சொன்னபடி கேட்டது. அந்த வயதுக்கு அப்படியொரு காலை நான் பார்த்ததே இல்லை என்றுகூடச் சொல்லலாம். நிமிர்ந்து பார்த்தேன். மனிதர் முகத்தை அஷ்டகோணலாக வைத்திருந்தார். இத்தனை வருட ஆட்டத்தில் நடுவரை ஏமாற்றுவதற்காக ஒருமுறைகூடக் கீழே விழாதவர். நடிப்பு சுத்தமாக வரவில்லை.

"முடியாதுன்னு சொல்லிடுங்க டாக்டரம்மா," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "மாப்ள இறங்கட்டும்."

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. விளங்கியதும் கோபம்தான் முதலில் வந்தது.

மாப்பிள்ளை என்று அவர் சொன்னது மனைவியின் தம்பியை. கிளப்பில் அவனுக்கு 'அப்பப்போ' என்று பெயர். பார்வையாளர் வரிசையில் யாரோ ஒருவர், புதிதாக வந்திருந்த பக்கத்து ஆள் "இந்தப் பையன் நல்லா ஆடுவானா?" என்று கேட்டதற்கு, "அப்பப்போ" என்று பதில் சொன்னாராம். அது ஒட்டிக்கொண்டது. கேப்டன் ஆடுகிற நடுக்கள இடத்தில்தான் அவனும் ஆடுவான். அதாவது, கேப்டன் ஆட முடியாத நாளில் ஆடுவான். நல்ல நாளில் அவனைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பந்து அவன் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். எதிரணிக்காரர்கள் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்தவர்கள் மாதிரி அவனைச் சுற்றித் தடவிக்கொண்டிருப்பார்கள். மற்ற நாளில், பக்கத்தில் நிற்பவனுக்குப் பந்தைத் தட்டச் சொன்னால்கூட எதிரணிக்காரனுக்குத் தாரை வார்ப்பான். இரண்டும் ஒரே ஆள்தானா என்று எனக்கே சந்தேகம் வந்ததுண்டு. அந்த இரண்டாவது வகை நாட்கள்தான் அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்குக் காரணம் கோச் சட்டை மாட்டுகிற வழக்கம். ஆட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலமே, மறுநாள் யார் யார் ஆடுகிறார்களோ அவர்களுடைய சட்டைகளை இஸ்திரி போட்டு, உடைமாற்றும் அறையில் கொக்கிகளில் வரிசையாக மாட்டிவிடுவார். மற்றவர்களின் சட்டைகள் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். முதல் நாளே தெரிந்தால் மனதைத் தயார்படுத்திக்கொண்டு வரலாம், கடைசி நிமிடம் வரை யாரையும் தொங்கலில் விடக் கூடாது என்பது அவர் கொள்கை. நல்ல மனிதர், நல்ல கொள்கை. எல்லோருக்கும் அது சரிப்பட்டது, அப்பப்போவைத் தவிர.

அவன் அக்கா வீட்டில்தான் இருந்தான், மாடியில் ஒரு அறையில். முட்டிவலிக்கு என்னிடம் வந்தபோது கேப்டனின் மனைவி சொன்னாள்: கொக்கியில் சட்டையைப் பார்த்துவிட்டு வருகிற அன்று அவன் சாப்பிட மாட்டானாம். மேலே நடந்துகொண்டே இருப்பானாம், கீழே படுத்திருக்கிற இவளுக்குத் தலைக்குமேல் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்குமாம். கழுவின பூட்ஸையே விடியற்காலையில் மறுபடி கழுவுவானாம்.

"அந்த மேட்ச் மொத்தத்தையும் ராத்திரியே ஆடி முடிச்சுடறான் டாக்டரம்மா," என்றாள். "காலைல கெளம்பி வர்றது மிச்சம் மீதிதான்."

அவன் நன்றாக ஆடின ஆட்டங்களை நினைத்துப் பார்த்தேன். எல்லாமே நடு ஆட்டத்தில் யாருக்கோ அடிபட்டு, பெட்டியிலிருந்து கசங்கின சட்டையை உருவித் தலையில் மாட்டிக்கொண்டு இவன் ஓடின ஆட்டங்கள். பயப்படுவதற்கு நேரமே கிடைக்காத ஆட்டங்கள். கேப்டனும் நானும் கோச்சிடம் போய்ப் பேசினோம். இவனுக்கு மட்டும் சொல்லாமல் இருந்துவிட்டு, காலையில் திடீரென்று இறக்கிவிடக் கூடாதா என்று கேட்டோம். கோச் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"நாளைக்கு ஆடணும்னு தெரிஞ்சா நடுங்குறவன, எத்தன நாளைக்கு நான் ஏமாத்தி ஆட வைக்கிறது? ஒருநாள் அவன் தெரிஞ்சே ஆட வேணாமா?"

வந்த வழியே திரும்பினோம். அவர் பேச்சில் நியாயம் இருந்ததுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அன்றைக்கு நடந்தது அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். ஜெயித்தாலும் தோற்றாலும் எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் ஆட்டம் முடிந்ததும் அலுவலக அறையில் கோச்சும் செயலாளரும் கமிட்டிக்காரர்களும் உட்கார்ந்து, அடுத்த வருடம் யாரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்வார்கள். ஒரு ஆளைக் குறைத்தாக வேண்டும் என்று ஏற்கெனவே பேச்சு. அது யார் என்று கிளப்பில் புல் வெட்டுகிறவர் வரைக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். முதல் நாளே தன் அலமாரியைக் காலி செய்து, துடைத்துக்கூட வைத்திருந்தான். நன்றாக ஆடத் தெரியாதவனாக இருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. தெரிந்தவனை அனுப்புகிறார்கள். 'எப்போதாவது ஆடுவான்' என்ற பெயரோடு வெளியே போகிறவனை வேறு எந்த கிளப்பும் கூப்பிடாது. வீட்டில் கேப்டனுக்குச் சாப்பாட்டோடு சேர்த்து இதுவும் பரிமாறப்பட்டிருக்கும்: கேப்டனா இருந்து என்ன, ஒங்க பேச்சு அங்க எடுபடாதா?

கொக்கியில் அவன் சட்டை மாட்டப்படவில்லை. அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பான். அதைத்தான் கேப்டன் கணக்குப் போட்டிருக்கிறார்.

நான் எழுந்து கோச்சைப் பார்த்துக் கையை ஆட்டி, இறங்க முடியாது என்று சைகை காட்டினேன். பொய் சொல்லிவிட்டேனா என்றால், அந்த மனிதரை இறங்கவைக்க முடியாது என்பது உண்மைதானே. இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்பப்போ பெஞ்சிலிருந்து எழுந்து, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோலப் பின்னால் திரும்பிப் பார்த்தான். பிறகு சட்டையைத் தலையில் மாட்டிக்கொண்டு, உள்பக்கம் வெளியே தெரிகிறது என்று மறுபடி கழற்றி மாட்டி, ஓடினான்.

முதல் பாதியில் அவன் ஆடினதைப் பற்றி எழுத எனக்கு ஆசைதான், ஆனால் கால்களைப் பற்றித் தெரிந்த அளவுக்கு ஆட்டத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. அவன் தொட்டதெல்லாம் துலங்கியது. எதிரணியின் மூன்று பேர் அவன் பின்னாலேயே அலைந்தார்கள். நடுவில் ஒருமுறை, யாரும் நிற்காத ஒரு வெற்றிடத்துக்குப் பந்தை உருட்டிவிட்டான். எதற்கு அங்கே அனுப்புகிறான் என்று நாங்கள் யோசிப்பதற்குள், எங்கள் முன்வரிசைப் பையன் அங்கே போய்ச் சேர்ந்து கோல் போட்டுவிட்டான். மைதானம் எழுந்து நின்று கத்தியது. கேப்டனும் எழுந்து நின்றார். கெண்டைக்காலில் ஐஸ் பையோடு, இரண்டு காலையும் ஊன்றி ஒரு குதி குதித்தார். ஐஸ் பை தெறித்து விழுந்தது. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கோச் ஒருவரைத் தவிர. அவர் கேப்டனின் கால்களைப் பார்த்தார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இடைவேளையில் செயலாளர் மேலேயிருந்து இறங்கி வந்தார். அவன் ஆட்டத்தைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கத்தில் வந்து, குரலைத் தணித்து, "கெண்டைக்காலாம்மா? இந்த வயசுல அது போனா திரும்ப வர்றது கஷ்டம்தானே?" என்று கேட்டார். கேப்டனுக்கு இன்னும் ஒரு வருடம் உண்டு என்று வாய்வார்த்தையாகத்தான் சொல்லியிருந்தார்கள், கையெழுத்து ஆகவில்லை. குறைக்கவேண்டியது ஒரு ஆள். அந்த ஆள் யார் என்பதை, உட்கார்ந்த இடத்திலேயே கேப்டன் தன் பக்கம் மாற்றிவைத்துவிட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று மழுப்பி அனுப்பினேன்.

இரண்டாம் பாதியில் அப்பப்போ மெல்ல மெல்ல அப்பப்போவாக ஆனான். இடைவேளையில் யாராவது அவனைப் பாராட்டித் தொலைத்திருக்க வேண்டும். யோசிக்க நேரம் கிடைத்துவிட்டது. இரண்டு முறை பந்தை இழந்தான். எதிரணி ஒரு கோலைத் திருப்பிப் போட்டது. கடைசியில் கோல்கீப்பர் மட்டும் நிற்க, பந்து அவன் காலுக்கே வந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவன் அதை வானத்துக்கு அனுப்பினான். ஆட்டம் சமனில் முடிந்தது. வைத்துக்கொள்ள வேண்டும் என்பவர்களுக்கும் வேண்டாம் என்பவர்களுக்கும் ஆளுக்கு ஒரு பாதி கொடுத்துவிட்டான் பாவி.

சிகிச்சை அறைக்குப் போகிற வழியில் கோச் என்னை நிறுத்தினார். கேப்டன் கால் எப்படி என்று கேட்டார். கேட்டவிதத்திலேயே, தெரிந்துதான் கேட்கிறார் என்பது புரிந்தது.

"நீங்க என்ன சொல்றீங்களோ, அதத்தான் உள்ள சொல்லுவேன்," என்றார். அலுவலக அறையைப் பார்த்து நடந்துவிட்டார். கிழிந்துவிட்டது என்றால் கேப்டன் காலி. ஒன்றுமில்லை என்றால், நாடகம் போட்டார்கள் என்று மாமனையும் மைத்துனனையும் சேர்த்து வெளியே அனுப்பலாம்.

கேப்டன் மேசைமேல் குப்புறப் படுத்திருந்தார். ஐஸ் பையை எடுத்துக் கழுவுதொட்டியில் போட்டேன். செயலாளர் உங்கள் வயதை விசாரிக்கிறார், இதையெல்லாம் யோசித்துப் பார்க்கவில்லையா என்று கொஞ்சம் காட்டமாகவே கேட்டேன்.

"யோசிச்சிருந்தா செஞ்சிருப்பனா?" என்றார் தலையணைக்குள். பிறகு, "அவனுக்குத் தெரியக் கூடாது டாக்டரம்மா. தெரிஞ்சா, இன்னிக்கு ஆடுனது அவனுதில்லன்னு ஆயிடும்," என்றார்.

அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு அப்பப்போ வந்தான். முட்டி வரை சேறு. கோல் கம்பத்தை யாரோ கொஞ்சம் கீழே இறக்கி வைத்துவிட்டார்கள் என்று என்னிடம் ஜோக் அடித்தான், அவனே சிரிக்கவில்லை. பிறகு மேசையருகே போய், "ரொம்ப வலிக்குதா மாமா?" என்று கேட்டுக்கொண்டே, தன் பக்கமாக இருந்த வலது காலைப் பிடித்துவிட ஆரம்பித்தான். கட்டைவிரலால், பயந்து பயந்து, நான் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட மாதிரி.

"மெல்லடா மாப்ள," என்று முனகினார் கேப்டன்.

விரல் நின்றது. அடிபட்டதாகச் சொன்ன இடது காலில், ஐஸ் வைத்திருந்த இடம் மட்டும் திட்டாகச் சிவந்து கிடந்தது. அவன் அதைப் பார்த்தான். புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தான். சில்லென்று இருந்திருக்கும். பிறகு என்னைப் பார்த்தான். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கத்துவான், அல்லது சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போவான் என்று பயந்தேன். அவன் கண் மட்டும் கலங்கிற்று.

வெளியே யாரோ கதவைத் தட்டி, அலுவலக அறையில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள், டாக்டரம்மாவைக் கூப்பிடுகிறார்கள் என்றார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

"லேசான பிடிப்புதான், ஒரு வாரத்துல ஓடுவார்னு சொல்லுங்க," என்றான் அப்பப்போ தலையை நிமிர்த்தாமல். குரல் தெளிவாக இருந்தது.

"ஒன்னப் பத்திக் கேட்டா?"

"நீங்கதான் முழு மேட்சும் பாத்தீங்களே. பாத்ததச் சொல்லுங்க."

கதவைத் திறந்தபிறகு ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். சூடாக இருந்த காலை விட்டுவிட்டு, சிவந்து குளிர்ந்திருந்த காலுக்கு அவன் கைகளை மாற்றியிருந்தான்.

"இங்கதான மாமா?" என்று கேட்டபடி அழுத்தத் தொடங்கினான். கேப்டன் தலையணையிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை.