ஈர விரல்

ஆனி மாத மழையில் டயகமத் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கு விரல் காய்ந்திருக்கிறது? இந்த விரல்ரேகை மெஷினைச் செய்தவனுக்கு அது தெரியாது. கம்ப்யூட்டரில் வயரால் மாட்டிய, தீப்பெட்டி அளவுச் சாமான். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். இனி அதில் விரல் பதிந்தால்தான் வேலைக்கு வந்ததாக அர்த்தமாம்.

மரியநாயகிக்கு மூன்றாவது நாளாகச் சிவப்பு விளக்குத்தான் எரிந்தது. விரலைச் சேலையில் துடைத்தாள். சேலையும் நனைந்திருந்தது. இருபது வருடம் கொழுந்து எடுத்ததில் ரேகையும் பாதி தேய்ந்துவிட்டது. அவளுக்குப் பின்னால் நாற்பது பெண்கள் மழையில் நின்றார்கள்.

"விரலை நல்லாத் துடைச்சுப்போட்டு வையுங்கோ. மெஷினில பிழை இல்லை," என்றார், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிளார்க் றமணன். அதைக் காட்டுவதற்காகத் தன் விரலை வைத்தார். உடனே பச்சை விளக்கு எரிந்தது.

மரியநாயகி முதுகிலிருந்த கூடையைக் கழற்றினாள். அதை அவருடைய கீபோர்டின் மேல் வைத்தாள்.

"இன்னைக்கு வேலைக்கு வந்தது நீங்கதான்னு மெஷினே சொல்லிருச்சு. மலைக்குப் போயி கொழுந்தையும் நீங்களே எடுங்க ஐயா."