அரை வேக்காட்டுப் பட்டு

ஆரணியில் பட்டு நூலை வேக வைத்து, அதோடு பிறந்த பசையை எடுப்பதில் பரசுராமனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அது ஊருக்கும் தெரியும். அவனுக்கு அதைவிட நன்றாகவே தெரியும். அந்தத் தலைக்கனம் இருக்கிறதே, அதுதான் பெண்டாட்டி காலில் வந்து விடிந்தது.

சோப்பும் சோடாவும் போட்டுக் கொதித்த தண்ணீர் திலகவதியின் வலது காலில் கொட்டிவிட்டது. சர்க்கரை வேறு இருந்ததால் புண் ஆறவே மாட்டேன் என்றது. காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் கையை விரித்த பிறகு, கடைசியாக ஒன்று செய்து பார்க்கலாம் என்றார் டாக்டர் சுகன்யா. பட்டு நூலில் சன்னமான வலை பின்னிப் புண்ணுக்குள் வைத்தால், அதைப் பிடித்துக்கொண்டு புதுச் சதை வளருமாம். ஆராய்ச்சியில் இருக்கிற வைத்தியம்தான். அதற்கு நூல் பசை துளியும் இல்லாமல் வெந்திருக்க வேண்டும் என்றார். நானே தருகிறேன் என்று மார்தட்டிவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தான் பரசுராமன்.

இங்கேதான் அவன் புத்தி வேலை செய்தது. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுகிற பாவு நூலை எவனாவது முழுக்க வேக வைப்பானா? பசை சுத்தமாகப் போனால் நூல் பஞ்சாய்ப் பிரிந்து, தறியில் ஏறியதும் அறுந்து தொலையும். கொஞ்சம் பசை நிற்கும்போதே தூக்கிவிடுவதுதான் அவன் வழக்கம். புடவைக்கே அப்படியென்றால், திலகவதியின் காலைத் தாங்கப்போகிற நூலுக்கு? டாக்டரம்மாவுக்கு நூலைப் பற்றி என்ன தெரியும் என்று, கொப்பரையிலிருந்து முன்னதாகவே எடுத்து அலசிக் காயவைத்துக் கொடுத்துவிட்டான். நல்லது செய்வதாகத்தான் நினைத்தான், பாவி மனுஷன்.

வலை வைத்த மறுநாள் காலை, டாக்டர் கட்டிலருகே நின்று மாணவர்களுக்கு விளக்கினார். பட்டின் உள்நூலை உடம்பு ஏற்றுக்கொள்ளுமாம். மேலே இருக்கிற பசையும் சேர்ந்து போனால் உடம்பு அதோடு மல்லுக்கு நிற்கும், வீங்கும், சீழ் வைக்கும், இருக்கிற சதையும் போய்விடும்.

முன்னதாகவே தூக்கிய நூல் பரசுராமன் கண்முன் வந்து நின்றது. சொல்லிவிடலாம் என்றால் நாக்கு எழவில்லை. ஒருவேளை ஒன்றும் ஆகாதோ? ஐயோ, அந்த ஒருவேளையை நம்பிப் பகல் முழுக்க ஓட்டினானே! கட்டின் ஓரத்தில் தோல் சிவந்திருக்கிறதா, இல்லை வெளிச்சம் அப்படிக் காட்டுகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தான். சாயங்காலம் அவள் பாதத்தைத் தொட்டான். சுட்டது. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்து, திலகவதி முன்னாலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

டாக்டர் திட்டவில்லை. வலையை உடனே எடுக்க வேண்டும், ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யுங்கள் என்று மட்டும் நர்ஸிடம் சொன்னார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

"தெரியாம பண்ணிட்டேன் திலகா" என்றான்.

"நீங்க நூலத் தூக்கறப்ப நானும் திண்ணையில உக்காந்து பாத்துகினுதான் இருந்தேன்" என்றாள் அவள். "இன்னும் வேகணுமேன்னு தோணிச்சி. உங்களுக்குத் தெரியாததான்னு சும்மா இருந்துட்டேன்."

தள்ளுவண்டி வந்தது. அவளைத் தூக்கிப் படுக்கவைத்தார்கள். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலு இருக்குமில்லங்க?"

டாக்டர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவள் கேட்டது அவனிடம்.