கம்ப்யூட்டர் ரூம் நாற்காலி

பசை காய்ந்துவிடும் என்பதால் பீர் முஹம்மதுவின் அட்டைப்பெட்டிக் கடையில் மின்விசிறி போடுவதில்லை. மே மாதமானாலும் அப்படித்தான். திருவல்லிக்கேணிச் சந்துக்குள் இருந்த அந்தக் கடையில் ஆறு பெண்கள் தரையில் காலை மடக்கி உட்கார்ந்து, தி. நகர் ஜவுளிக்கடைகளுக்குச் சேலைப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறு பேரில் மூத்தவள் ஜஹீதா. அன்று காலையிலிருந்து அவள் கை மட்டும்தான் வேலையில் இருந்தது. கண்ணெல்லாம் எதிரே புதிதாகத் தடுத்திருந்த கண்ணாடி அறை மேல்.

அறைக்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஏசி, சக்கரம் வைத்த ஒரு நாற்காலி. ஜஹீதாவுக்கு நாற்காலிதான் முக்கியம். பதினெட்டு வருஷம் தரையில் உட்கார்ந்ததில் முழங்கால் இரண்டும் பழுதாகிவிட்டன. எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். மிஷின் வந்தால் அந்த நாற்காலி உனக்குத்தான் என்று பீர் முஹம்மது சொல்லியிருந்தார். சொன்ன சொல் மாறுகிற ஆளும் இல்லை அவர்.

வட்டாரச் சிறுதொழில் வளர்ச்சி மையம் என்று ஒன்று, சின்னக் கடைகளை நவீனமாக்கியே தீருவது என்று தொண்ணூற்றேழில் கிளம்பியிருந்தது. கம்ப்யூட்டர் வாங்கப் பாதிக்குப் பாதி மானியம். கடை ஆள் ஒருவருக்கு அடையாறில் இரண்டு மாதப் பயிற்சி. வருகிறவர் பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும் என்றது விண்ணப்பம். கடையில் அவ்வளவு படித்தவன் பீர் முஹம்மதுவின் தம்பி மகன் காஷிஃப் ஒருவன்தான். அவனோ காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு பாண்டி பஜார் பக்கம் ஆர்டர் பிடிக்கப் போனால் சாயங்காலம்தான் திரும்புவான். அவனைப் பயிற்சிக்கு அனுப்பினால் வியாபாரம் படுத்துவிடும். ஜஹீதா எட்டாவதோடு நின்றவள். ஆனால் ஒரு அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை பெட்டி தேறும், எங்கே வெட்டினால் வீணாகாது என்று சொல்லிவிடுவாள். ஆக, விண்ணப்பத்தில் காஷிஃப் பெயர் ஏறியது, பஸ்ஸில் ஜஹீதா ஏறினாள்.

முதல் நாள் வருகைப் பதிவில் பயிற்சியாளர் "காஷிஃப்" என்று கூப்பிட்டார். ஜஹீதா "உள்ளேன் சார்" என்றாள். நிமிர்ந்து பார்த்த அவருக்கு அது ஆண் பெயரா பெண் பெயரா என்று தெரியவில்லை. கேட்கக் கூச்சப்பட்டு டிக் போட்டுவிட்டார். இரண்டு மாதமும் அவள் காஷிஃபாகவே இருந்தாள். வகுப்பிலேயே கெட்டிக்காரியாகவும் இருந்தாள். திரையில் கோடு இழுத்து ஒரு பெட்டியை விரித்துப் போட்ட அன்றைக்கு, பஸ்ஸில் தனக்குத் தானே சிரித்துக்கொண்டு வந்தாள்.

மிச்ச மானியத்துக்குக் கையெழுத்துப் போட இன்று அதிகாரி வருகிறார். அவர் முன்னால் மிஷினில் உட்கார வேண்டியவன் காஷிஃப். அதற்காக ஒரு வாரமாக ஜஹீதா அவனுக்கு மௌஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

பதினோரு மணிக்கு ஜவஹர் என்ற அந்த அதிகாரி ஒரு போட்டோக்காரரோடு வந்தார். நல்ல மனிதர். கம்ப்யூட்டருக்குத் தூசு ஆகாது என்று செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனார். காஷிஃப் நெற்றி வியர்வையைத் துடைத்துத் துடைத்து ஒரு சேலைப் பெட்டியை வரைந்து, காகிதத்தில் எடுத்துக் கொடுத்தான். ஜவஹருக்கு ஒரே குஷி. கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, தானே வெட்டி மடக்கிப் பார்த்தார். நாலு பக்கமும் எழுந்து நின்றது. மூலைகள் மட்டும் சேரவில்லை. ஒட்டுவதற்கான மடிப்பை விடாமலே வரைந்திருந்தான் காஷிஃப்.

பீர் முஹம்மதுவின் முகம் வெளிறிவிட்டது. ஜஹீதா சுவரைப் பிடித்து எழுந்தாள். நாலு துண்டுக் காகிதம் கிழித்துப் பசை தடவிக்கொண்டு உள்ளே போய், மூலைகளை உள்பக்கமாகப் பிணைத்தாள். பெட்டி பெட்டியாகிவிட்டது.

"யாருப்பா இந்தம்மா?" என்றார் ஜவஹர்.

காஷிஃபுக்குப் பொறுக்கவில்லை. "சார், நெசத்துல இவங்கதான்..." என்று ஆரம்பித்தான்.

"ஒட்டறவ சார்," என்றாள் ஜஹீதா.

பயிற்சிச் சான்றிதழைக் காஷிஃப் கையில் கொடுத்தார் ஜவஹர். போட்டோ எடுக்கும்போது ஜஹீதா ஓரமாக நகர்ந்துகொண்டாள். கிளம்பும்போது அவர் ஒரு நிபந்தனையையும் சொல்லிவிட்டுப் போனார், சாதாரணமாகத்தான் சொன்னார். "மூணு வருஷத்துக்கு, சர்டிபிகேட் வாங்கினவர்தான் மிஷின்ல உக்காரணும். எப்ப வேணா செக்கிங் வரும். வேற ஆள் இருந்தா மானியத்தத் திருப்பிக் கட்டச் சொல்லிடுவாங்க."

பீர் முஹம்மதுவால் ஜஹீதாவை நேராகப் பார்க்க முடியவில்லை. ஆர்டர் பிடிக்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்று கல்லாவைப் பார்த்துச் சொன்னார். இரண்டு மாதத்துக்கு முன்னால் கிடைக்காத ஆள் இப்போது கிடைப்பான் போலிருக்கிறது. "மன்னிச்சுக்கம்மா," என்றார்.

"சரி பாய்," என்றாள் ஜஹீதா. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து பசைக் கிண்ணத்தை இழுத்துக்கொண்டாள்.

மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த நேரத்தில் கண்ணாடிக் கதவு திறந்தது. காஷிஃப் தலையை நீட்டினான்.

"அக்கா, மடிப்பு எவ்ளோ வுடணும்?"

"முக்கா இஞ்சு. முனையச் சரிவா வெட்டு, இல்லாங்காட்டி பிதுங்கிக்கினு நிக்கும்."

கதவு மூடியது. சற்று நேரத்தில் மறுபடி திறந்தது. நாலாவது தடவை அவன் மூடவில்லை. அவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவன், ஒரு அட்டைக் கட்டை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அறையின் குளிர் தரையோடு வந்து அவள் முழங்காலைத் தொட்டது. ஜஹீதா கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை சுகமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

பக்கத்திலிருந்தவள் ஒட்டிய மூலை பிரிந்துகொண்டது. கிண்ணத்துப் பசையின் மேல் ஆடை படிய ஆரம்பித்திருந்தது.

"கதவ மூடு தம்பி," என்றாள் ஜஹீதா. "பசை காயுது."

அவன் தயங்கி, கட்டை நகர்த்தி, கதவை மூடினான். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியிலிருந்தபடியே கண்ணாடியைத் தட்டி, ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டி, எத்தனை பெட்டி தேறும் என்று சைகையில் கேட்டான். பசை அப்பிய மூன்று விரல்களை அவள் தரையிலிருந்து தூக்கிக் காட்டினாள்.