புரட்டாதிச் சனியில் ஒரு மீன்

ஜெர்மன் பேசும் வில் என்ற நகரத்தில் நவம்பர் பிறந்தால் வெயில் என்ற ஒன்றை மறந்துவிட வேண்டியதுதான். மார்ச் வரை மூடுபனி. இரவீந்திரனுக்கு அதில் முறைப்பாடு இருந்ததில்லை. முப்பது வருடமாக ஜன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலைக்கு இருட்டோடு போய் இருட்டோடு வருபவருக்கு வெயில் எதற்கு? ஆனால் இந்தக் குளிர்காலம் நகரவே மாட்டேன் என்றது. ஊருக்கு வெளியே ஓடும் ஆறு வசந்தத்தில் மீன்பிடிக்குத் திறக்கும். பெப்ரவரிக் கூட்டத்தில் மீன்பிடிச் சங்கம் அவரை அங்கத்தவராக எடுத்தால் தூண்டிலோடு கரையில் நிற்கலாம். எடுக்காவிட்டால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கலாம்.

ஐம்பத்தாறு வயதில் அந்த மனுசன் தனக்கென்று ஆசைப்பட்டது இது ஒன்றுதான். புதிதாக வாங்கிய தூண்டில் சுருளைச் சமையலறை மேசையில் கழற்றி எண்ணெய் போட்டுப் பூட்டுவார். அடுத்த கிழமையும் கழற்றுவார்.

"அது இன்னும் தண்ணியையே காணேல்லை. அதுக்குள்ள தேய்ஞ்சு போகப்போகுது" என்பாள் மனைவி சிவகலா.

சங்கத்தில் சேர விரும்புபவர்கள் குளிர்காலத்தில் ஆற்றங்கரையில் வேலை செய்துகொடுக்க வேண்டும். மற்ற மூன்று புதியவர்களும் இரண்டு சனிக்கிழமை முகத்தைக் காட்டிவிட்டு மறைந்துவிட்டார்கள். இரவீந்திரன் ஒன்பது சனியும் போனார். பனிக்குள் கிளை வெட்டினார். முழங்கால் தண்ணீரில் கல் சுமந்தார். எல்லோருக்கும் மரக்கறி ரோல்ஸ் கொண்டுபோனார். தின்றுவிட்டு, "சூப்பர், ரவி" என்று முதுகில் தட்டினார்கள். தட்டுவதற்கு என்ன, கையா தேயப்போகிறது?

இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் செப்டெம்பரில் நடந்த ஒரு விஷயம்.

பருவத்தின் கடைசி நாளில் புதியவர்களும் சேர்ந்து மீன்பிடிப்பது சங்கத்தின் வழக்கம். அந்த நாள் புரட்டாதிச் சனியில் வந்து விழுந்தது. விரத நாள், வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை. காலையில் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டுக் கிளம்பியவரிடம் சிவகலா, "போறதெண்டால் போங்கோ. ஒண்டையும் கொல்லாதேங்கோ" என்றாள். ஒன்றும் படாது என்ற நம்பிக்கையில்தான் அவரும் போனார். சனியன், அன்றைக்கென்று முழங்கை நீளத்துக்கு ஒரு ஃபொரெல்லெ மீன் வந்து கொளுவியது. இரவீந்திரன் அதன் வாயிலிருந்து தூண்டிலை மெல்லக் கழற்றித் தண்ணீரில் விட்டார். நல்ல காரியம் செய்தோம் என்று மனம் குளிர்ந்து நிமிர்ந்தால், எதிர்க்கரையில் ரூடி என்ற சங்கத்துக் கிழவர் வாய் திறந்தபடி நிற்கிறார். போதிய அளவு வளர்ந்த மீன் பட்டால் உடனே அடித்துக் கொல்ல வேண்டும், வேடிக்கைக்குப் பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விடுவது மிருகவதை என்பது சங்கத்தின் விதி.

"ஒண்டும் யோசியாதேங்கோ அங்கிள், நான் கதைக்கிறன்" என்றான் ஜனார்த்தன். இரவீந்திரனின் பழைய அறைத்தோழரின் மகன், அந்த ஊரிலேயே பிறந்தவன், சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கும் ஒரே தமிழன். இவரைச் சேரச் சொல்லிப் படிவத்தில் முன்மொழிந்து கையெழுத்து வைத்தவனும் அவனே. இரவீந்திரன் அவனை மலைபோல் நம்பினார்.

பெப்ரவரிக் கூட்டத்தில் மற்ற மூவரையும் கைதட்டி எடுத்தார்கள். இரவீந்திரனின் முறை வந்ததும் ரூடி எழுந்தார். "அந்த மீன் கையிலிருந்து வழுக்கியதா, நீங்கள் விட்டீர்களா?"

வழுக்கியது என்றிருந்தால் முடிந்தது கதை. பொய் வாய்வரை வந்தது. "விட்டேன். அன்று எங்களுக்கு விரதம்" என்றார் தன் தொழிற்சாலை ஜெர்மனில். ஏன் விரதம், எதற்கு விரதம் என்று விளக்க அந்த ஜெர்மன் போதாது. ஜனார்த்தனைப் பார்த்தார். அவன் முன்னால் கிடந்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"விரத நாளில் மீன்பிடிக்க ஏன் வந்தீர்கள்?" என்றார் ரூடி. யாரோ சிரித்தார்கள்.

வாக்கெடுப்பில் அங்கங்கே சில கைகள் உயர்ந்தன. ரோல்ஸ் தின்ற கைகள் பல மேசைக்கடியில் கிடந்தன. ஜனார்த்தனின் கை தாள்களின் மேல் இருந்தது, இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னும் ஒரு வருடம் பார்த்து முடிவெடுப்பதாகத் தலைவர் அறிவித்தார்.

கார்த் தரிப்பிடத்துக்கு ஜனார்த்தன் ஓடி வந்தான்.

"அங்கிள், கோவிக்காதேங்கோ. நான் கை தூக்கியிருந்தால், தமிழனுக்குத் தமிழன் எண்டு சொல்லியிருப்பினம்."

"தூக்காததுக்கு என்ன சொல்லிச்சினம்?"

அவன் ஜக்கெற்றின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டான். பிறகு, "வாற மாசம் ஆத்தில மீன் குஞ்சு விடவேணும். குளிர் தண்ணிக்குள்ள நிக்க ஆக்கள் காணாது. நீங்கள் வந்தால் அடுத்த வருசத்துக்குப் பேர் எடுக்கலாம்" என்றான்.

நல்ல கெட்ட வார்த்தை ஒன்று இரவீந்திரனின் நாக்கில் இருந்தது. யாழ்ப்பாணத்து அசல் வார்த்தை, முப்பது வருடமாகப் பாவிக்காமல் வைத்திருந்தது.

"ஓம், வாறன்" என்றார்.

கார்க் கதவைச் சாத்திய பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. ரூடியைக்கூட மன்னிக்கலாம், அந்தப் பொடியனையும் நாளைக்கு மன்னிக்கலாம். கேட்டவுடன் சரி என்று சொல்லும் இந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல், காரைக் கிளப்பத் திறப்பைப் போடாமலே வெகுநேரம் இருந்தார்.